மரை கழண்ட மெஷின்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒன்றாவது இருக்க வேண்டும். மனிதர்கள் மூலமாக அது நடக்காது என்று தெளிவாகிவிட்டதால், ஒரு மெஷின் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சாதாரண மெஷின் இல்லை. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் அதுவே பலகையில் செதுக்கித் தரும். சி.என்.சி. என்பார்கள். இடவலமாக ஓட ஒரு மோட்டார், முன்பின்னாக ஓட ஒன்று, மேலும் கீழும் போக ஒன்று, நடுவில் விர்ரென்று சுழலும் ஒரு வெட்டுமுனை. சட்டமும் மோட்டார்களும் ஏற்கெனவே வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஒளித்து வைத்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் பார்வையெல்லாம் என் கையால்தான் சரியாகிறது. என் வீட்டில் நடப்பது மட்டும் எனக்கு எப்போதும் மங்கல்தான்.

"அதை எங்க வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. ஹாலில் ஜன்னலோரம் முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். குத்துவது என்னவோ பேச்சுதான்.

"சின்னது ரூம் சும்மாதானே கிடக்கு?"

தையல் மெஷின் சட்டென்று நின்றது. "சும்மா கிடக்குன்னு யார் சொன்னா?"

சின்னது எங்கள் ஒரே மகள். தொலைவில் ஒரு ஊரில், லிஃப்ட் கம்பெனியில் கண்ட்ரோல் பெட்டிகளுக்கு வயர் இணைக்கும் வேலை. அவள் போனதிலிருந்து அந்த அறையில் யாரும் இல்லை. ஆனாலும் தினமும் பெருக்கப்படும். யாரும் தலை வைக்காத தலையணைக்கு வாரம் தவறாமல் உறை மாறும். மனைவியைக் குறை சொல்வானேன்? கடைக்குக் கிளம்பும் முன் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க நானும் தினமும் உள்ளே போவேன். ஜன்னலைப் பார்ப்பதற்கு அவள் நாற்காலியில் உட்கார வேண்டிய அவசியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடமிருந்து வாராந்திர போன் வந்தது. எப்போதும் எங்கேயோ நடந்துகொண்டே பேசுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, நாங்களும் ஆச்சு, சரி வைக்கட்டா. தந்தி கூட இதைவிட நீளமாக இருந்திருக்கும். வைப்பதற்குள் நான் குறுக்கே பாய்ந்து ரூமைக் கேட்டேன்.

"அட, எடுத்துக்கோங்கப்பா! நான் எங்க வரப்போறேன்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன். திரும்பினால் மனைவியைக் காணோம். சமையலறையில் குழாய் திறந்திருந்தது. கழுவ ஒரு பாத்திரமும் இல்லாத நேரத்தில் அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயித்தவன் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி என் முகம் இல்லை என்று பீரோக் கண்ணாடி சொல்லிற்று.

மறுநாள் மகளின் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தேன். அந்த இடத்தில் மெஷின் ஏறியது.

மேல்வீட்டுக்காரர் வந்து பார்த்தார். உலகத்தில் எதைப் பற்றியும் ஒரு வீடியோ பார்த்திருப்பவர். அதனால் தெருவில் அவருக்கு வீடியோ மாமா என்று பெயர்.

"எல்லாம் சரி, மூளை இருக்கா?" என்றார்.

"என்ன மாமா, எடுத்த எடுப்பிலேயே இப்படி..."

"உனக்கில்லப்பா, மெஷினுக்கு! கண்ட்ரோலர் வேணும். இந்த மோட்டாரெல்லாம் ஒவ்வொரு அடியாத்தான் நகரும். எது, எந்தப் பக்கம், எத்தனை அடின்னு கண்ட்ரோலர்தான் கட்டளை போடணும்."

"அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்லுங்க."

"அதேதான்! அதுல மூணு சாதி இருக்கு. பழைய கார்டு ஒண்ணு. அதுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, எல்லா அடியையும் கம்ப்யூட்டரே எண்ணணும். கம்ப்யூட்டர் ஒரு தும்மல் போட்டா கணக்கு போச்சு. இன்னொண்ணு நெட்வொர்க் கேபிள்ல ஓடும், ராஜா வீட்டுச் சாமான். நடுவுல யு.எஸ்.பி.ல மாட்டற சின்ன போர்டு. படத்தைக் குடுத்துட்டா அதுவே யோசிச்சுக்கும்."

சின்ன போர்டையே வாங்கினேன்.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுக்கு இன்னொரு கண்ட்ரோலரா?"

"இது பேசாம வேலை செய்யுமாம்."

"பேசாம வேலை செய்யறது நீங்கன்னு நினைச்சேன்."

ஆனால் வயர் இணைக்க உட்கார்ந்தபோது அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மோட்டாருக்கு நாலு வயர். எது எங்கே போகிறது என்று நான் விழித்தபோது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத் தையல் நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். நடுநடுவே சந்தேகம் கேட்டாள். என் இல்லற வாழ்க்கையில் மனைவி என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓரத்துல இருக்கே இந்தக் குட்டி ஸ்விட்ச், இது எதுக்குங்க?"

"லிமிட் ஸ்விட்ச். எல்லை! மெஷின் ஓரத்துக்குப் போய் இதை இடிச்சா, ஓடற கரண்ட் அறுந்துபோகும். உடனே நின்னுடும்."

"அப்ப வயர் தானா கழண்டாலும் நின்னுடுமா?"

"சபாஷ்! நின்னுடும். அதுதான் பாதுகாப்பு."

"எந்த வயர்?"

"இதோ, நீல முடிச்சு போட்டது," என்று ஆசான் தோரணையில் காட்டிக்கொடுத்தேன்.

முதல் ஓட்டத்திலேயே சோதனை. மோட்டார்கள் ஓடின. வெட்டுமுனையைச் சுழலவிட்டதும் மெஷின் பலகை நடுவில் நின்றுகொண்டு, எல்லைக்கு வந்துவிட்டேன் என்று அலறியது. மறுபடி ஓடவிட்டேன், மறுபடி அலறல். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்றார் வீடியோ மாமா. வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டேன்.

"அப்பா, கேமராவைத் திருப்புங்க. ஐயோ, வெட்டற மோட்டாரோட வயரையும் ஸ்விட்ச் வயரையும் ஒண்ணா சேத்துக் கட்டியிருக்கீங்களே!"

"அழகா இருக்கட்டும்னு..."

"கச்சேரி மேடைக்குப் பக்கத்துல நின்னு காதுல ரகசியம் சொன்னா கேக்குமாப்பா? அந்த மோட்டார் போடற சத்தம் ஸ்விட்ச் வயர்ல ஏறுது. போர்டு அதை எல்லைன்னு நினைச்சுக்குது. ரெண்டையும் பிரிங்க. ஸ்விட்சுக்கு, மேலே கம்பிவலை சுத்தின கேபிளா வாங்கிப் போடுங்க. அந்த வலையை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணணும். ரெண்டு பக்கமும் பண்ணினா வேற வம்பு."

அன்று அவள் நடந்துகொண்டே பேசவில்லை. உட்கார்ந்து பேசினாள். நான் கடைக்கு ஓடிக் கேபிள் வாங்கி வந்தபோது போன் பலகை மேல் சாய்ந்திருந்தது. எதிரே மனைவி.

"முடி ஏன்டி இப்படிக் கொட்டியிருக்கு?"

"இங்கத்த தண்ணிம்மா."

"உன் ரூம்ல யார்டி சிரிக்கறது?"

"கூட இருக்கறவம்மா. நீ பேசறது அவளுக்குப் பிடிச்சிருக்காம்."

வயரை மாட்டுவதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறையில் மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! மெஷின் ஓடி, ஒரு வட்டம் செதுக்கியது. மூன்று பேரும் கைதட்டினோம்.

அடுத்த வாரம் போன் வந்தது. "மெஷின் ஓடுதாப்பா?" "ஓடுதும்மா." "சரி, வைக்கட்டா?"

மெஷின் நன்றாக ஓடுவதில் இருக்கிற கஷ்டம் அப்போதுதான் புரிந்தது.

ஆனால் சீக்கிரமே ஒரு மோட்டார் நகராமல் நின்ற இடத்திலேயே உறுமி நடுங்கியது. மகளைக் கூப்பிட்டேன். நாலு வயரில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. பிறகு இன்னொரு மோட்டார் தலைகீழாக ஓடியது. இரண்டு வயர் இடம் மாறியிருந்தன. பிறகு பழையபடி எல்லை அலறல். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் திரையில் வரும். முதலில் வயர், அப்புறம் வம்பு, அப்புறம் அம்மாவும் பெண்ணும் மட்டும்.

"அதிர்வுல கழண்டுக்குது" என்றார் வீடியோ மாமா. எனக்கு எலி மேல் சந்தேகம். பொறி வாங்கி வைத்தேன். அதில் என் கட்டைவிரல்தான் மாட்டியது.

ஒருநாள் மத்தியானம், மறந்துபோன மூக்குக் கண்ணாடி ஃபிரேம் ஒன்றை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மகள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மெஷின் பக்கத்தில் மனைவி மண்டியிட்டிருந்தாள். கையில் தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவர். நீல முடிச்சு வயரை நிதானமாகத் தளர்த்தினாள். இழுத்துப் பார்த்தாள். திருப்தியானதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, நிமிர்த்தி வைத்திருந்த கட்டிலின் காலில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். நான் வந்து, மெஷின் நின்று, நான் மகளைக் கூப்பிட வேண்டும். அதுவரை அவள் காத்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓசைப்படாமல் படி இறங்கினேன். ஃபிரேமை எடுக்காமலேயே தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைக்குப் போனேன்.

அன்று மாலை மெஷினைத் தட்டிவிட்டு, "ஐயையோ! மறுபடியும் நின்னுடுச்சே!" என்று அலறினேன்.

"அடடா!" என்றாள் மனைவி. நடிப்பில் நாங்கள் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? போனில் வரும் முகத்தைத் தொட முடியாது. ஒரு வயர் கழண்டால் ஒரு மாலை கிடைக்கிறது. எல்லா வயரும் கழண்டால்? மனைவி துணி கொடுக்க வெளியே போயிருந்த நேரத்தில், கண்ட்ரோலரிலிருந்து எல்லா வயரையும் உருவினேன். நூல் முடிச்சுகளையும் அறுத்து எறிந்தேன். அள்ளிச் சுருட்டி ஒரு பந்தாக்கினேன். பிறகு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னப்பா ஆச்சு?"

"எலி."

"ஸ்க்ரூவைக் கழட்டியா எடுத்துச்சு?"

"பெரிய எலிம்மா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "இது போன்ல ஆகாதுப்பா. வெள்ளிக்கிழமை வரேன்" என்றாள்.

மனைவி அப்போதுதான் உள்ளே வந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கோக்கிறவள். அன்று நூல் காதில் நுழையவே இல்லை.

மகள் வந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே நேராகத் தன் அறைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரோடு நிமிர்ந்து நிற்கும் கட்டில். அது இருந்த இடத்தில் மரத்தூள்.

"நான்தானே எடுத்துக்கச் சொன்னேன்," என்று சிரித்தாள். சின்ன வயதில் கீழே விழுந்துவிட்டு, வலிக்கலையே என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த நிமிஷம் மெஷினின் ஒரு பக்கத்தை அவள் தூக்கினாள், மறுபக்கத்தை நான். "பாத்து!" "நீ பாரு!" "கால்ல போட்டுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு நகர்த்தினோம். கட்டிலைப் போட்டோம். மகள் அதில் குப்புற விழுந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வெயில் வாசனை வருதும்மா."

"இன்னிக்குத்தான் காய வெச்சேன்" என்றாள் மனைவி. எனக்குத் தெரிந்து அவள் தினமும் அதைக் காய வைக்கிறாள்.

அந்த விடுமுறை முழுக்க ஹாலில் கால் வைக்க இடமில்லை. தரையில் சம்மணம் போட்டு மகள் வயர் சேர்த்தாள். நான் டார்ச் பிடித்தேன். மனைவி நூல் முடிச்சுப் போட்டாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

மெஷின் ஓடியது. மகளும் கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "அந்த எலியைத் திட்டாதீங்கப்பா" என்றாள்.

வீடு திரும்பியதும் எனக்குள் ஒரு மிதப்பு. மறைத்து வைக்க முடியவில்லை.

"இதோ பார்! உன் ஸ்க்ரூ டிரைவர் போன்லதான் பேச வெச்சுது. என் ஸ்க்ரூ டிரைவர் ஆளையே கொண்டுவந்துடுச்சு!"

அவள் பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆமாங்க. உங்க அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது" என்றாள்.

அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். புகழ்ச்சியில் மயங்கிப்போய் மெஷினைத் தட்டினேன். அசையவில்லை. பெட்டியைத் திறந்தேன். வயர்களெல்லாம் வரிசையாக, நூல் முடிச்சோடு, காற்றில் தொங்கின. நடுவில் போர்டு இருந்த இடம் காலி.

"கண்ட்ரோலர் எங்க?"

"சின்னது பையில, துணிக்கு அடியில வெச்சிருக்கேன். அவளுக்கே இன்னும் தெரியாது."

"ஐயோ! அது இல்லாம மெஷின் ஓடாதே! கூரியர்ல அனுப்பச் சொல்லு!"

"உடைஞ்சிடும்ங்க. நாமளே போய்க் கையோட வாங்கிட்டு வந்துடலாம்."

"கடையை யார் பாக்கறது?"

"போர்டு மாட்டியாச்சு."

"போர்டுதான் இல்லைங்கறேனே!"

"நான் சொல்றது உங்க கடைவாசல் போர்டு. போய்ப் பாருங்க."

ஓடினேன். பூட்டிய கதவில் ஓர் அட்டை தொங்கியது. தையல் சாக்பீஸில், மனைவியின் குண்டு எழுத்து: கடைக்காரர் மகள் ஊருக்குப் போயிருக்கிறார். கடை விடுமுறை.

உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அந்த அட்டையை மூக்கில் இடிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். என் பழைய வாடிக்கையாளர்தான். கண்ணாடி இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லை.

"ஏன் சார், இவர் எப்ப திரும்பி வருவார்?" என்று கேட்டார்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்," என்றேன்.