முதலாளியின் தாடையும் விற்பனைத் தூணும்

விற்பனைத் தூண் முதலாளியின் தாடையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

பக்கங்களை வடிவமைக்கும் அளவுகோல் அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். குடைக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் முதல் பக்கம். மேலே முதலாளியின் போட்டோ, கீழே விற்பனை சார்ட். வருடத்துக்கு ஒரு தூண். காலையில் முதல் பிரிண்ட் எடுத்தபோது சாதுவாக இருந்த இந்த வருடத் தூண்தான் இப்போது வம்புக்கு நின்றது.

மாலைக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் லேஅவுட் வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். அப்புறம் அக்காவுக்கு அங்கே நாற்காலி எதற்கு?

"நீயா நானா பார்த்துடலாம்," என்றாள் தூணிடம்.

போட்டோவை மேலே தள்ளினாள். சார்ட்டின் கட்டத்தை உயர்த்தினாள். தூணுக்கு மேல் தாராளமாக இடம் கிடைத்தது. பிரிண்ட் கொடுத்தாள்.

பிரிண்டர் இருப்பது கணக்கரின் அறையில். காகிதத்தை அவர்தான் எடுத்துவந்து கொடுப்பார். பயந்த சுபாவம்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா..." என்று உச்சுக்கொட்டிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார்.

அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், தூண் வளர்ந்திருந்தது! இந்தத் தடவை முதலாளியின் மூக்கு வரைக்கும்.

மழை கண்ணிலேயே காட்டாத வருடம். குடை இவ்வளவா விற்றது? சரி, நமக்கென்ன, முட்டாமல் வைப்பதுதான் நம் வேலை என்று போட்டோவைப் பாதியாக்கினாள். கட்டத்தை இன்னும் உயர்த்தினாள். பிரிண்ட் எடுத்தாள். கணக்கர் வந்தார், பார்த்தார், வியர்த்தார், ஓடினார். தூண் மறுபடி ஏறியது.

அக்காவுக்கு வந்ததே கோபம். போட்டோவைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒதுக்கினாள். பக்கம் முழுவதையும் சார்ட்டுக்கே எழுதிவைத்தாள். பிரிண்ட் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் தூண் அதையும் எட்டிப் பிடித்தது.

சார்ட்டைக் கணக்கரின் விற்பனைக் கணக்குக் கோப்போடு இணைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். அந்த இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, அதைத் துண்டித்து, சார்ட்டை வெறும் படமாக மாற்றிப் பதித்தாள். "இனிமே எங்க வளருவே?"

தூண் அடங்கியது. ஆனால் முதலாளி வந்துவிட்டார்.

"என் போட்டோ எங்கம்மா?"

அக்கா மூலையைக் காட்டினாள். அவர் முகம் சிவந்தது. பிறகு பார்வை மெல்ல மேலே ஏறியது.

"இது... இந்த வருஷமா?"

"ஆமா சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. "மழையே இல்லாம இவ்வளவு வித்திருக்கோமா! போட்டோ கிடக்கட்டும், அனுப்புங்க அச்சுக்கு. இனிமே லேஅவுட்னா நீங்கதாம்மா." அங்கேயே போனை எடுத்தார். "ஃபேக்டரியா? நாளையிலிருந்து ராத்திரி ஷிப்டும் ஓட்டுங்க!"

அவர் சிரித்தபடி போனதும், வாசலில் வெளிறி நின்ற கணக்கரைப் பார்த்து அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பார்த்தீங்களா, ஒருவழியா அடக்கிட்டேன்."

"அக்கா, தாள்ல காலி இடம் இருந்தா முதலாளி திட்டுவாரே," என்றார் கணக்கர். "நீங்க இடம் விட விட, நானும் கணக்குல குடையை வித்துக்கிட்டே இருந்தேன்கா!"