பூச்சி சார் போட்ட தூண்டில்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மீனை வாயில் வைக்காமல் மீன் நினைப்பாகவே வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பூச்சி சார்தான். திருச்சியில் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க், வீடு ஸ்ரீரங்கம். முன்பு ஊட்டியில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, சுதந்திரம் வந்ததும் கப்பலேறிவிட்டார். அன்றிலிருந்து இவர் வருஷா வருஷம் லீவு போட்டு ஊட்டி ஓடைக்குப் போவார். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்புவார்.

மற்ற மாதங்களில், மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சி கட்டுவார். தூண்டில் முள்ளில் ஈயக்கம்பியைச் சுற்றி, மேலே கம்பளி நூல், சேவல் இறகு. ஓடைக்கடியில் ஊரும், இறக்கை முளைக்காத பூச்சி மாதிரியே இருக்கும். ஈயத்தின் கனத்தில் நேரே அடிக்குப் போகும். மார்கழிக்கு மட்டும் வெளியே வரும் மேனேஜரின் மப்ளர் வருஷத்துக்கு வருஷம் குட்டையானது. பூச்சி சாரின் டிராயரைத் திறக்க பியூன் மாட்டேன் என்றான்.

"உள்ள நகருதுங்க. நான் பார்த்தேன்."

சிரித்தோம். ஆனால் நானும் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், புதுப் பூச்சியின் கனம் பார்க்க என்னைக் கொள்ளிடத்துக்கு அழைத்துப் போனார். வீசினார். பூச்சி மூழ்கியது, தூண்டில் நரம்பு விறைத்தது.

"மீனா சார்?"

"மீன்னா இழுக்கும் ஓய். இது பிடிச்சிண்டிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நாளா இதே இடத்துலதான்."

"வேர்ல மாட்டியிருக்கும் சார்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"வேண்டாம் ஓய்! வந்துடும்!"

காலடியில் மணல் கரைந்தது. ஆளை விழுங்கும் பள்ளம். தலைக்கு மேல் தண்ணீர், கண்ணில் இருட்டு. அப்போது என் சட்டைக் காலரை ஏதோ பிடித்தது. அவசரமே இல்லாமல் கரைப்பக்கம் இழுத்தது. கால் தரையைத் தொட்டதும் விட்டுவிட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், நீச்சலே தெரியாத பூச்சி சார் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார். என் காலரில் அவர் கட்டிய பூச்சி குத்தியிருந்தது. அறுந்த நரம்பு தொங்கியது.

"நல்லவேளை, இழுத்தீங்க சார்."

"நான் எங்கே இழுத்தேன்? கம்பை அப்பவே போட்டுட்டேனே!"

கம்பு கரையில் கிடந்தது. இருவரும் ஆற்றைத் திரும்பிப் பார்த்தோம். அது சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அவர், ஸ்ரீரங்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, நான் குடியிருந்த உறையூர் வரை என்னோடு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது ஒரு கையாலேயே ஈர வேட்டி மடிப்பில் சில்லறையைத் துழாவினாரே தவிர, என் மணிக்கட்டைப் பிடித்திருந்த மற்றக் கையை எடுக்கவே இல்லை.