மேசை நகர்ந்துவிட்டது, நீங்கள் வர வேண்டாம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் அம்மாவும் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் தங்கை போனில் சொல்லிவிட்டாள். மூன்று வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறீர்களாம். அதனால் நலமறிய ஆவல் என்று எழுதி மையை வீணாக்கவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறீர்கள், ஆகவே கடிதம்.

திங்கட்கிழமை நடந்ததை அங்கே எப்படிச் சொல்லியிருக்கிறீர்களோ, நான் நடந்தபடியே சொல்கிறேன். நம் பட்டறையில் இரும்பைச் சீவும் மில்லிங் மெஷினில், அந்த இரும்பைப் பூட்டிவைத்து இப்படியும் அப்படியும் ஓட்டும் மேசை, கைப்பிடியைச் சுற்றினால் அசையவில்லை. முதல் தடவை சுற்றினீர்கள், இரண்டாம் தடவை அதில் தொங்கினீர்கள், மூன்றாவதாக என்னைப் பார்த்து, "துடைக்கிறேன் பேர்வழின்னு நீதான் என்னத்தையோ பண்ணிட்ட" என்றீர்கள். "எண்ணெய் விட்டு எவ்வளவு நாளாச்சு?" என்றுதான் நான் கேட்டேன். அதற்கு, "மெஷின் செத்துப்போச்சு, எடைக்குப் போடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர்தான். பம்ப் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய மூடிகள் அப்படியே கிடக்கின்றன. உங்கள் அம்மாதான் ஆறுதல் சொன்னார்: "இவங்கப்பாவும் இப்படித்தான். ஆணி வளைஞ்சாக்கூட கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவாரு."

மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து நின்றார். நீங்கள் சொல்லி அனுப்பினீர்களாம். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல மெஷினைச் சுற்றி வந்தார், பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை. "அண்ணன் எடைக்குப் போடறதா சொன்னாரு" என்றார். "அண்ணனை வேணா எடைக்குப் போடறேன், மெஷினைத் தொடாதீங்க" என்றேன். போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த வீம்புக்கு, மேசை நகர்ந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. முதலில் மேசையை அசையாமல் நிறுத்தும் பூட்டுகளைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தன, அந்தத் தப்பை நீங்கள் செய்யவில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டுமில்லையா. அப்புறம் மேசை வழுக்கிப்போகும் தடத்தைப் பார்த்தால், சீவின இரும்புத் தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து சேறாகி இறுகிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினேன். அந்தத் தடத்துக்கு எண்ணெய் விடும் பம்ப்பை அமுக்கினால் முன்பக்கம் கசிகிறது, பின்பக்கம் பாலைவனம். குழாய் நசுங்கியிருந்தது. அதன்மேல், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் கனத்த வைஸைத் தூக்கி வைத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை, குழாயை மாற்றிவிட்டேன். இப்போது மேசை நடுவில் ஓடுகிறது, ஓரத்துக்குப் போனால் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல நிற்கிறது. இதற்குள் பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர் சுத்தியலோடு வந்து, "தள்ளுங்க அண்ணி, ரெண்டு தட்டு தட்டினா போயிடும்" என்கிறார். "உங்க லேத்தைத் தட்டுங்க" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். யோசிச்சா விஷயம் தானா வருதுங்க, கத்தினாத்தான் வராது. தினமும் நடுவிலேயே ஓட்டி ஓட்டி நடுத்தடம் தேய்ந்துவிட்டது. அங்கே மேசை ஆடுகிறதென்று நீங்கள் மேசைக்கும் தடத்துக்கும் இடையில் செருகியிருக்கும் ஆப்பை இறுக்கியிருக்கிறீர்கள். தேய்ந்த நடுவுக்கு அது சரி. தேயாத ஓரம் என்ன பாவம் செய்தது? ஆப்பின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். நடுவில் இனிமேல் லேசாக ஆடும். ஆடட்டும், ஆடாத ஆள் இந்த வீட்டில் யார்?

அதே சூட்டோடு கைப்பிடிப் பக்கத்து பேரிங்கையும் கழற்றிக் கழுவி மாட்டினேன். சுற்றினேன். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை, ஒரே விரலால், சத்தமில்லாமல் போனது. உங்கள் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

ஆகையால், மெஷின் விற்பனைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மூடிகள் போய்ச் சேரும். நீங்கள் அங்கேயே சௌகரியமாக இருக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை. உங்கள் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் என் விசாரிப்புகள். அவர்கள் பொறுமை நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மேசையை நகர்த்திய
உங்கள் மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் மேசையைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று சுற்றினேன். மேசை போன இடத்திலேயே நிற்கிறது. கைப்பிடிதான் மேசையை ஓட்டும் நீளத் திருகோடு சேர்ந்து என் பக்கம் வெளியே வருகிறது. உங்கள் அம்மா தன் காலடியிலிருந்து ஒரு நட்டை எடுத்து, "இது உன்னுதா பாரும்மா" என்று நீட்டுகிறார். பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் நட்டு அது, எங்கே போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முடுக்கும்போது இந்தப் பக்கம் ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், அம்மாவுக்கு அவ்வளவு பலம் போதாது. கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் வாருங்கள். சாப்பிட்டுவிட்டெல்லாம் வர வேண்டாம், இங்கே சமைத்து வைக்கிறேன்.