பேண்டேஜ் துணியில் பூத்த ரோஜா

சும்மா இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். எனக்கு அது கிடையாது. இருந்திருந்தால், தாய்மாமன் என்ற முறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பேன். அக்கா மகள் காவ்யாவின் கல்யாணத்தை வாசலிலேயே நிறுத்தியிருக்க மாட்டேன்.

காவ்யாவோடு கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த தோழிகள் ஆறு பேர், ஒரே மாதிரி சந்தன நிறச் சேலை கட்டி, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதாக ஏற்பாடு.

"அவளுகளுக்கு ஞாபகமா ஏதாவது குடுக்கணும் மாமா. கையில கட்டிக்கிற மாதிரி. அப்பாட்ட இதுக்கும் போயி கேக்க முடியாது" என்றாள் காவ்யா.

மண்டபம், சமையல் என்று செலவழித்தே அத்தான் ஏற்கெனவே பாதியாகியிருந்தார். "நானே செஞ்சு தாரேன்" என்றேன். (இந்த இடத்தில் என் மனைவி தொடையில் கிள்ளினாள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.)

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் தரம் பார்ப்பவன் நான். கழித்துப் போட்ட துண்டுகளை அங்கே கேட்டால் கொடுப்பார்கள். சல்லடை போன்ற அந்த வெள்ளைத் துணியை மடித்துச் சுருட்டினால் ரோஜா மாதிரியே வந்தது. மணிக்கட்டில் கட்ட அதே துணியில் ஒரு பட்டை. சிவப்புக்கு, ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தபடி பீட்ரூட் சாறு. மலிவு, அழகு, இயற்கை. மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்போது புத்தியுள்ளவன் சந்தேகப்படுவான். நான் பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

"எம்புட்டு பீட்ரூட்டுங்க இது? சாறு உங்களுக்கு, சக்கை எங்களுக்கா?" என்றாள் மனைவி. அந்த வாரம் முழுக்க வீட்டில் பொரியல், கூட்டு, சட்னி எல்லாம் ஒரே நிறம்.

ரோஜாக்கள் காய்ந்து அழகாகத்தான் இருந்தன. ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு பயம். காரணம், ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தியம்மா. சகுனம் பார்ப்பவர். நிச்சயதார்த்தத்தில் யாரோ தும்மியதற்கு, எல்லாரையும் உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச்சொல்லி, அப்புறம்தான் தட்டு மாற்றினார். அன்று முதல் அக்கா ஒரே பாட்டு. "தம்பி, அவிய முன்னால ஒரு குறை வந்துரப்படாது. எம்புள்ள அங்க போயி வாழணும்."

கல்யாணத்தன்று நூல் பிரியுமோ, இதழ் உதிருமோ என்று ஆறு பெண்களின் கையையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஒருத்தி கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். நியாயம்தான்.) நூல் பிரியவில்லை. இதழ் உதிரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தார்கள். தோழிகள் பன்னீர்ச் சொம்பைத் தூக்கினார்கள்.

சொம்பைக் குலுக்கினால் பன்னீர் விருந்தாளி மேல் மட்டும் விழுவதில்லை. பாதி, குலுக்குகிற கை வழியே இறங்கும். பேண்டேஜ் துணி ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரில் போட்டு, எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் உத்தியோகம்.

உறிஞ்சியது. முதல் தரம். உறிஞ்சியதை அப்படியே சிவப்பாக வழியவும் விட்டது.

மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றி, முழங்கை வரை சிவப்பு ஒழுக, ஆறு பெண்கள் "வாங்க, வாங்க" என்று சிரித்தபடி நின்றார்கள்.

சம்பந்தியம்மா படியிலேயே நின்றார். மேளமும் நின்றது.

"வேன் கவுந்துருச்சு போல" என்றது பின்னால் ஒரு குரல். இன்னொருவர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

"தாலி ஏறுறதுக்கு முன்னால வாசல்ல ரத்தம். இதத் தாண்டி நான் உள்ள வரல" என்றார் சம்பந்தியம்மா. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏலே, என்னத்தல கட்டிவிட்ட?" என்றாள் அக்கா. அவளுக்குப் பின்னால், மணப்பெண் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு காவ்யா பாதி அலங்காரத்தில் நின்றாள். அந்த முகத்தை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை.

"ரத்தமில்லம்மா, பீட்ரூட்டு" என்றேன்.

"பீட்ரூட்ட எதுக்குய்யா கையில கட்டுதாக?" என்றார் சம்பந்தியம்மா.

நல்ல கேள்வி. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்த ரோஜாவை அவிழ்த்தேன். சம்பந்தியம்மா பார்க்க வாயில் போட்டுச் சப்பினேன். பன்னீர் வாசனையோடு லேசான இனிப்பு.

"பாருங்க. காய்கறிதான்."

அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கியவர்களுக்கு, பெண்ணின் தாய்மாமன் வாசலில் நின்று ரத்தம் தோய்ந்த கட்டைத் தின்பது மட்டுமே தெரிந்தது. அவர்களில் ஒருவர் திரும்பவும் ஆட்டோவில் ஏறினார்.

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு சொந்தத் தாய்மாமனா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என் பக்கமே திரும்பாமல் தலையாட்டினாள்.

"சரி, பீட்ரூட்டு நல்லதுதான். ஒடம்புல ரத்தம் ஊறும்னுதான் டாக்டரே சொல்லுதாரு" என்று, யாருக்கோ தீர்ப்புச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். மேளம் மறுபடி தொடங்கியது.

வீடியோக்காரர் ஒன்றையும் விடவில்லை. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் என் இலைக்கு மட்டும் பீட்ரூட் பொரியல் இரண்டு தரம் வரும், "இலையில வைக்கவா, துணியில வைக்கவா?" என்ற கேள்வியோடு.

போன மாதம் காவ்யாவின் மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் என் எதிரே வந்ததும், பரிமாறுகிறவர் கையிலிருந்து வாளியைச் சம்பந்தியம்மாவே வாங்கிக்கொண்டார்.

"இலையில வைக்கவா தம்பி, துணியில வைக்கவா?"

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் விரித்தேன். சம்பந்தியம்மா முன்னால் வாய்விட்டுச் சிரிக்காத என் அக்கா, அன்றைக்குச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டாள்.