ஐந்து மணிக்குப் போட்ட ஓட்டு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் தலைதாழ்ந்து எழுதிக்கொள்வது.

வழக்கமாக நான் கடிதம் எழுதினால் முதல் வரியிலேயே இங்கு அனைவரும் சுகம் என்று போட்டுவிட்டுத்தான் மற்ற விஷயத்துக்கு வருவேன். இந்தத் தடவை அந்த ஒரு வரியை மட்டும் எழுத முடியாத நிலைமை. நான் சுகமாக இருக்கிறேன் என்று வெளியே தெரிந்தால் நீங்கள் வார்டு தேர்தலில் தோற்றுவிடுவீர்கள். எப்படி என்று கீழே விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும், படித்ததும் கிழித்துப் போடவும். போனில் சொல்லலாம் என்றால் என்னைச் சுற்றி இருபத்திரண்டு பேர் நாற்பத்துநாலு காதையும் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அதனால் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

தேர்தலுக்கு முந்தின வாரம் நீங்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது நான் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காமல் இடுக்கு வழியாகப் பேசினேன். தவறாக நினைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் தெருவில் அதற்குள் பதினோரு வாசலில் ‘தொற்றுக் காய்ச்சல், உள்ளே வராதீர்’ என்று மஞ்சள் காகிதம் ஒட்டியாகிவிட்டது. “மாப்பிள்ளை, எவன் வரலைன்னாலும் உங்க ஓட்டு எனக்கு வரும்னு தெரியும்” என்று நீங்கள் சொன்னீர்கள். “தலையை அடகு வெச்சாவது வருவேன் மச்சான்” என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆபரேஷன் ஆனபோது பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரித் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தவர் நீங்கள். உங்களுக்காக எதிர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு சீட்டைப் பெட்டியில் போட முடியாதா? போடலாம். ஆனால் நான் முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடைக்காரர் தராசையே நம்பாத ஆள், பள்ளிக்கூடத்துக் காற்றை எப்படி நம்புவேன், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே தேர்தல் நாள் காலை ஆறரைக்கே மாடி ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இறங்கலாம் என்று திட்டம். ஏழே முக்கால் வரை ஒரு குஞ்சு குளுவான் இல்லை. அப்போது ஒரு பெண்மணி மட்டும் குடையை வீசிக்கொண்டு தன்னந்தனியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போவதைப் பார்த்தேன். உயிர்மேல் ஆசையில்லாத ஜென்மம், பாவம், வீட்டில் சொல்லித் தடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். நடையை உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது உங்கள் தங்கை. அடுப்படியில் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதே நிமிஷத்தில் திரும்பி வந்தவள், “உள்ள ஈ காக்கா இல்ல. ஆபீசருங்க அஞ்சு பேரும் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்னுட்டாங்க. இப்பவே போய்ட்டு வந்துடுங்க” என்றாள். “ஒரு ரெண்டு மணி நேரம் பொறு, உனக்குக் காய்ச்சல் வருதான்னு பார்த்துட்டுப் போறேன்” என்றேன். அவள் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது. நான் அந்த ஜன்னல் அறையிலேயே உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை கதவுக்கு அடியில் தெர்மாமீட்டரைத் தள்ளினேன். இரண்டு தடவை அளவைச் சொல்லித் திருப்பித் தள்ளினாள். மூன்றாவது தடவை தெர்மாமீட்டர் திரும்பி வரவில்லை.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள் மச்சான். எங்கள் கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் ஒரு தலை இருந்தது, எதிர்வரிசை வீடுகளிலும் அப்படித்தான். கீழ்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, “சார், போயிட்டு வந்துட்டீங்களா?” என்றார். “நீங்க?” என்றேன். “நீங்க கிளம்புங்க சார், நான் பின்னாலயே வரேன்” என்றார். மேல்மாடி பாட்டு டீச்சர், “முதல்ல ஒரு பத்துப் பேர் போகட்டும், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் போறேன்” என்று குரல் கொடுத்தார். அவரவர் ஜன்னலில் இருந்து வாசலைப் பார்த்தால் வாசல் காலி. வாசல் காலியாக இருந்தால், ஏதோ விஷயம் தெரிந்துதானே மற்றவர்கள் போகாமல் இருக்கிறார்கள் என்று தோன்றும். இப்படியே சாயங்காலம் வரை ஒருத்தர் போகாததைப் பார்த்து இன்னொருத்தர் போகவில்லை. எண்ணூற்றுச் சொச்சம் ஓட்டு உள்ள வார்டில் அதுவரை உள்ளே போய் வந்தவர்கள் நாற்பத்தாறு பேர், நானே எண்ணினேன்.

நாலே முக்காலுக்கு உங்கள் தங்கை வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். “எங்க அண்ணன் மூஞ்சியில இனிமே எப்படி முழிப்பீங்க? ஓட்டுப் போடாம இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள். “நான் வீட்டுக்குள்ளதானே இருக்கேன்” என்றேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். நல்லவேளை, இரண்டு முகக்கவசம், கையுறை, என் பழைய அளவுநாடா எல்லாம் காலையிலிருந்தே உடம்பில் தயாராக இருந்தன. கீழே இறங்கினால் தையல்காரரும் இறங்குகிறார், டீச்சரும் இறங்குகிறார், தெருவில் இன்னும் ஒரு இருபது பேர். கடைசி நேரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூட வாசலை நாங்கள் அடைந்தது நாலு ஐம்பத்திரண்டுக்கு. நேராக உள்ளே போயிருந்தால் முறையாக ஓட்டுப் போட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான்தான், ஆறடி இடைவெளி இல்லாமல் ஒருத்தரும் நகரக் கூடாது என்று அளவுநாடாவை எடுத்தேன். நாடாவின் மறுமுனையைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை, அதனால் ஒவ்வொருத்தருக்கும் நானே கல்லை வைத்து, நாடாவை நீட்டி, சாக்பீஸால் கோடு போட்டேன். டீச்சரிடம் மூன்று அங்குலம் குறைந்தது, மறுபடி அளந்தேன். கடைசி ஆள் வரை அளந்து முடித்துவிட்டு முதல் ஆளாக நான் உள்ளே நுழைந்தபோது மணி ஐந்து நாலு. தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்புக்குள் இருந்த ஓர் ஆபீசர், “சாதாரண நேரம் அஞ்சோட முடிஞ்சுது. அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் காய்ச்சல் வந்தவங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு இருக்கா?” என்றார்.

மச்சான், இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் வீட்டில் கதவு திறக்காது. ஆஸ்பத்திரித் தரையில் சுருண்டு படுத்திருந்த உங்கள் முதுகு வேறு கண்முன்னால் வந்து நின்றது. “இருக்கு” என்று வாய் சொல்லிவிட்டது. பின்னால் நின்றவர்கள் மூன்று எட்டு பின்வாங்கினார்கள். எனக்குக் காய்ச்சல் இருப்பதாக நானே பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தனிப்பெட்டியில் சீட்டைப் போட்டேன். அப்புறம் தையல்காரர் தயங்கித் தயங்கி வந்து, “எனக்கும் இருக்குங்க” என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இப்படி இருபத்துமூன்று பேர். போட்டு முடித்ததும் பின்வாசலில் வேன். காய்ச்சல்காரர்கள் நேரே தனிமைக் கூடத்துக்குத்தான் போகவேண்டுமாம், அது பாரத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்ததாம். உங்கள் தங்கை ஜன்னலில் இருந்து, “எங்க போறீங்க?” என்று கத்தினாள். என்னால் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டத்தான் முடிந்தது.

இப்போது நாங்கள் இருப்பது ஒரு பூப்பந்து விளையாடும் கூடம். வரும்போதே நர்ஸ் சொல்லிவிட்டார், “இந்த வார்டுல காய்ச்சல்காரர் ஒருத்தர் மட்டும் ஓட்டுப் போட வரேன்னு முன்னாடியே பதிஞ்சிருந்தார், இவ்வளவு பேர்னு எங்களுக்குத் தெரியாது” என்று. பெயரைச் சொல்ல மாட்டாராம், ரகசியமாம். அதைக் கேட்டதிலிருந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் உற்றுப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறோம். நான் பொய், தையல்காரர் பொய்யாக இருக்கலாம், ஆனால் இருபத்துமூன்றில் ஒன்று நிஜம். யார் அது? படுக்கைகளுக்கு நடுவே அளந்தேன், ஐந்தரை அடிதான் இருக்கிறது. இடப்பக்கத்து ஆளை விட்டு நகர்ந்தால் வலப்பக்கத்து ஆள் நெருங்குகிறார், அவரோ எனக்குப் பயந்து அடுத்தவர் பக்கம் நகர்கிறார். டாக்டர் உள்ளே வந்தால் இருபத்துமூன்று பேரும் சாகிற மாதிரி இருமுகிறோம். அவர் தலை மறைந்ததும் அப்படி ஓர் அமைதி, தொண்டையைக் கனைக்கக்கூட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. நேற்று டீச்சருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. இருமினால் எல்லோரும் தன்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது, பார்க்கவே பயமாக இருந்தது.

இன்று காலை உங்கள் பூத் ஏஜென்ட் ஜன்னலுக்கு வெளியே நின்று நிலவரம் சொன்னார். பகலில் விழுந்த நாற்பத்தாறில் உங்களுக்கு இருபத்திரண்டு, உங்களை எதிர்த்து நிற்கும் பேக்கரிக்காரருக்கு இருபத்துநாலு என்று கணக்காம். ஜெயிப்பதும் தோற்பதும் எங்கள் பெட்டியில்தான் இருக்கிறதாம், அதில் குறைந்தது பதினெட்டு ஓட்டு உங்களுக்கு விழுந்திருக்கும் என்கிறார். எண்ணிக்கை நாளை மறுநாள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனை முடிவு வர நாலு நாள் ஆகும், அதற்குள் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். அப்புறம் காய்ச்சல் இல்லை என்று வந்தால் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், இது டீச்சர் கொடுத்த யோசனை. ஒரே ஒரு கண்டம்தான் இருக்கிறது. வாசல் பக்கத்து மேஜையில் ஒரு நோட்டை விரித்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் காய்ச்சல் இல்லாதவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த நிமிஷமே வீட்டுக்குப் போகலாம். “ஆனா ஒருத்தர் போட்டாலும் மொத்தப் பெட்டியும் செல்லாது. எந்தச் சீட்டு யாருதுன்னு நாங்க எப்படிப் பிரிக்கிறது?” என்று ஆபீசர் சொல்லிவிட்டார். பேனாவையும் மூடாமல் வைத்திருக்கிறார், படுபாவி. வீடு இங்கிருந்து பத்து நிமிஷ நடை.

மச்சான், நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்கள் குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். கல்யாணத்தன்று பட்டாசுச் சத்தத்துக்கு நான் ஒளிந்ததை உங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். ஆனால் இந்த விஷயத்தில் பாருங்கள். யார் போட்டாலும் போடட்டும், அந்த நோட்டில் என் கை படாது. பக்கத்தில் படுத்திருப்பது எமனாகவே இருந்தாலும் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். உங்கள் வெற்றிச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் இந்தக் கட்டிலை விட்டு இறங்குவேன், இது சத்தியம். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாகக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டும் வாழ ஆசீர்வதிக்கிறேன். நீங்களும் வெந்நீரே குடிக்கவும்.

என்றும் உங்கள் நன்றி மறவாத,
தங்கை கணவன்,
படுக்கை எண் பதினான்கு.

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது பதினைந்தாம் படுக்கையில் தையல்காரர் தும்மினார். ஒன்றல்ல, மூன்று. அதற்கப்புறம் எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சுயநினைவு வந்தபோது மேஜை முன்னால் நின்று ‘எனக்கு ஒன்றும் இல்லை, பொய் சொன்னேன்’ என்று எழுதி முடித்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் வரிசை, அளக்காமலே ஒருத்தர்மேல் ஒருத்தர் முண்டியடித்துக்கொண்டு. அதில் தையல்காரரும் நிற்கிறார். “தூசிங்க சார், சும்மா தும்மினேன், நீங்க ஓடுறதைப் பார்த்து எனக்கே பயம் வந்துடுச்சு” என்கிறார். ஒருத்தர் பாக்கி இல்லாமல் இருபத்துமூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நர்ஸ் குழம்பிப்போய், பதிவு செய்திருந்த அந்த நிஜக் காய்ச்சல்காரருக்குப் போன் செய்தார். அவர் வீட்டில்தான் இருக்கிறாராம். ஐந்தேகாலுக்குப் பள்ளிக்கூட வாசல் வரை வந்தாராம், உள்ளே இருபத்துமூன்று நோயாளிகள் நிற்பதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டாராம். பெட்டியை ஓரமாக வைத்துச் சீல் போட்டுவிட்டார்கள் மச்சான். எல்லோரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது, நான் மட்டும் கூடத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் தங்கைக்கு இன்னும் விஷயம் தெரியாது. நீங்களே அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட முடியுமா? எனக்குப் பயமாக இருக்கிறது.