கடைசிப்பெட்டிக்கு வந்த கவர்

ரயிலை முன்னாலிருந்து பார்த்து வாயைப் பிளந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். பின்னாலிருந்து மட்டுமே பார்த்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் கம்பெனி டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. வாட்ச்மேன் முதல் மானேஜர் வரை எல்லோருக்கும் அவன் கடைசிப்பெட்டி.

கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பெட்டி இருக்கிறதே, பிரேக் வேன், அதன் மேல்தான் அவனுக்குப் பைத்தியம். எஞ்சினைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டாவி விடுவான். இழுத்துக்கொண்டு ஓடுவது பெரிய காரியமே இல்லை, பின்னால் உட்கார்ந்து எது கழன்று விழுந்தது என்று பார்த்து, பிடிக்க வேண்டிய இடத்தில் பிரேக் பிடிக்கிறானே, அவன்தான் ஆள் என்பான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்ரீபெரும்புதூரில் ரயில்வே ஸ்டேஷனே கிடையாது. ரயிலின் சத்தத்தைக் கேட்கக்கூட அவன் பஸ் ஏற வேண்டும்.

நான் சொல்வது 1991-ஐ. இன்றைக்கு ஒரகடம் வரை வரிசையாக நிற்கிற ஃபேக்டரிகளில் பாதிகூட அப்போது வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் கடைசிப்பெட்டி பின் சீட்டில்தான் உட்காருவான். எல்லோரும் ஏறியாயிற்றா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பச்சைக் கர்ச்சீப் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டி ஆட்டுவான். டிரைவர் முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது மாதம், அது ஆடாமல் வண்டியை எடுக்கவே அவருக்குக் கால் வரவில்லை. ஒருநாள் கடைசிப்பெட்டிக்குக் காய்ச்சல். மண்ணூர் ஸ்டாப்பில் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்த பிறகும் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். பொறுத்துப் பார்த்த சூப்பர்வைசர் எழுந்து தன்னுடைய வெள்ளைக் கர்ச்சீப்பை ஆட்டினார். வெள்ளைக்கு வண்டி நகரவில்லை. அன்று ஷிஃப்ட் தாமதமானதற்கு விளக்கம் கேட்டபோது, ‘சிக்னல் கிடைக்கவில்லை’ என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். அது இன்னும் ஏதாவது ஒரு ஃபைலில் இருக்கும்.

இப்படிப்பட்டவன் மேல் எனக்கு எதற்குப் பொறாமை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதே கம்பெனியில் நான் டிராயிங் செக்ஷனில் டிராஃப்ட்ஸ்மேன். கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி வசந்தி மெட்ராஸில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீட்டில் எனக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிப்பெட்டி மெட்ராஸ் நடைபாதையில் பழைய இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்தான். பொம்மை ரயில் செய்கிற பெரிய மனிதர்களுக்கான பத்திரிகை. அதில் பிரேக் வேன் ‘கிட்’ விளம்பரம் இருந்தது. எல்லா உறுப்புகளும் ஒரு டப்பாவில் வரும், நாம் ஒட்டிச் சேர்த்தால் கையகலத்தில் அச்சு அசலான கார்டு பெட்டி. கிட் வேண்டாதவர்களுக்கு வரைபடம் மட்டும் தனியாக. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பம்.

கிட் வாங்க பவுண்டு வேண்டும். கடைசிப்பெட்டி பேங்க்குக்குப் போய், கார்டு பெட்டி வாங்க வேண்டும், கொஞ்சம் இங்கிலாந்துப் பணம் கொடுங்கள் என்று கேட்டான். அந்த வருஷம் நாட்டிடமே அந்நியச் செலாவணி இல்லை. சர்க்கார் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்திருந்த நேரம். பேங்க் மானேஜர் அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து அனுப்பினார்.

சரி, நம்மூர்ப் பெட்டியையே அளந்து செய்யலாம் என்று அடுத்த ஞாயிறு டேப்போடு வாலாஜாபாத் போனான். நின்றுகொண்டிருந்த கூட்ஸின் பின்னால் படுத்துக்கொண்டு அளவெடுத்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நிறுத்தினார்கள். அவன் நோட்டில் இருந்ததெல்லாம் நீளம், அகலம், ஆணி எண்ணிக்கை. குண்டு வைக்க வந்தவன் ஆணியை ஏன் எண்ணினான் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் கம்பெனிக்கு ஃபோன் செய்ய, வாட்ச்மேன் வந்து சொல்லி, நான் போய் உத்தரவாதம் கொடுத்துக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் நன்றி சொல்லுவான் என்று பார்த்தேன். பஸ் படியில் கால் வைக்கும்போது, பஃபர் உயரத்தை எடுக்க விட்டுப்போச்சு சார் என்றான்.

மிச்சம் இருந்தது கடிதம் ஒன்றுதான். அந்தப் பத்திரிகையில் முகவரி இருந்த கிளப்புகளுக்கெல்லாம் வசந்தி ஆங்கிலத்தில் எழுதினாள். பதில் வர எங்கள் வீட்டு விலாசம். ஏனென்றால் கடைசிப்பெட்டியின் அப்பாவுக்கு வெளிநாட்டு ஸ்டாம்பைக் கண்டாலே ஆகாது, ஒரே பிள்ளை துபாய்க்குக் கிளம்பப் போகிறான் என்று கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார்.

ஞாயிறுதோறும் இரண்டு பேரும் உட்கார்ந்து கடிதம் எழுதுவார்கள். எனக்குச் சாதா டீ, அவனுக்கு இஞ்சி டீ. நான் சார், அவள் அக்கா. அக்கா புருஷன் என்றால் முறைக்கு நான் மாமா. அந்த மரியாதையும் கிடையாது. ஒருநாள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். ஊர் உலகமெல்லாம் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது, ஒரு மனிதன் மட்டும் கடைசியில் தனியாக உட்கார்ந்து, விட்டு வந்த தூரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறான் என்று எழுதியிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நிச்சயமான பிறகு ஆறு மாதத்தில் இவள் எனக்கு எழுதியது ஒரே ஒரு போஸ்ட் கார்டு. ‘சுகமாக வந்து சேர்ந்தோம். இங்கே மழை.’ ஒரு தகர டப்பாவுக்கு இவ்வளவு ஆங்கிலம் வைத்திருந்தவள், எனக்கு மழையோடு நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் இங்கிலாந்திலிருந்து பதில் எழுதினார். கடிதம் தம்மை அழவைத்துவிட்டது, காசு வேண்டாம், வரைபடத்தை நானே அனுப்புகிறேன் என்றார். வரைபடக் கவர் வந்து சேர்ந்த நாளில் வசந்தி கோவிலுக்குப் போயிருந்தாள். போஸ்ட்மேன் என் கையில் கொடுத்தார். நான் அதை ஆபீஸ் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். யோசிக்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

வரைபடம் வராவிட்டால் அவன் வருவது நின்றுவிடும் என்பது என் கணக்கு. அவன் தினமும் வர ஆரம்பித்தான். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் வாசலில் நின்று, “வந்துச்சா சார்?” என்பான். நான் இல்லை என்பேன். பாவம் பிள்ளை என்று வசந்தி பஜ்ஜி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்த தொல்லையை ஏழு நாளுக்கும் நானே ஆக்கிக்கொண்டேன்.

ஆத்திரத்தில் ஒருநாள் லஞ்ச் நேரத்தில் கவரைப் பிரித்தேன். கிழித்துப் போடுகிற எண்ணம்தான். தாளை விரித்துப் பார்த்தால் அதில் ஒரு அளவுகூட எழுதவில்லை. எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எதுவும் இல்லை. ஓரத்தில் நாலு மில்லிமீட்டருக்கு ஒரு அடி என்று மட்டும் போட்டிருந்தது. மில்லிமீட்டருக்கும் அடிக்கும் கல்யாணம் செய்து வைத்தவனை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். எங்கள் தொழிலில் தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, எழுதிய அளவை மட்டும்தான் நம்ப வேண்டும். போதாததற்கு, ஜெராக்ஸில் அந்தப் படம் ஒரு சுற்று சுருங்கியும் இருந்தது. இதை அப்படியே டூல் ரூமுக்குக் கொடுத்தால் பெட்டி கோணலாக வரும். பொறாமை ஒருபக்கம் கிடக்கட்டும், தப்பான டிராயிங்கை என்னால் சும்மா விட முடியாது. புது டிரேசிங் ஷீட்டை எடுத்துப் பலகையில் ஒட்டினேன்.

மூன்று வாரம் லஞ்ச் நேரமெல்லாம் அதற்கே போனது. இங்கிலாந்துத் தண்டவாள அகலம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதை வைத்துச் சுருங்கியதைக் கணக்குப் போட்டு நிமிர்த்தினேன். கார்டு நிற்கிற வராந்தா, கைப்பிடிக் கம்பி, அவர் குளிர்காய்கிற குட்டி அடுப்பு, அதன் புகைக்குழாய், எல்லாவற்றுக்கும் அளவு போட்டேன். செக்ஷன் ஹெட் எட்டிப் பார்த்து, எந்தக் கஸ்டமருக்கு என்று கேட்டார். எக்ஸ்போர்ட் என்றேன். சீக்கிரம் முடி என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு டிராயிங் நான் போட்டதில்லை.

போட்ட பிறகுதான் இடித்தது, இதை எப்படிக் கொடுப்பது. ஒரு ஞாயிறு அவன் வந்து உட்கார்ந்ததும், பழைய கவரையும் புது டிராயிங்கையும் அவன் முன்னால் வைத்தேன். கவர் வந்து ஒரு மாதம் ஆகிறது, நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். என் தலை நிமிரவில்லை.

அவன் டிராயிங்கை விரித்தான். விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டே போனான்.

“தெரியும் சார். போஸ்ட்மேனு அன்னிக்கே, சாராண்ட குடுத்த கவருல கீற ஸ்டாம்ப எனக்குக் குடுன்னு என்னாண்ட கேட்டுக்கினு வந்தாரு. சார் கையில கீதுன்னு தெரிஞ்சதும் நிம்மதியாப் பூட்ச்சு. நீங்க செக் பண்ணாம ஒரு டிராயிங்க எங்க ரூமுக்கு அனுப்புவீங்களா?”

பிறகு எதற்கு வந்துச்சா, வந்துச்சா என்று தினமும் உயிரை எடுத்தாய் என்றேன்.

“முடிஞ்சிச்சான்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் வந்துச்சான்னு கேட்டேன்.”

சமையலறையிலிருந்து வசந்தியின் குரல் வந்தது. “எனக்கும் அன்னிக்கே தெரியும். அவன் சொல்லிட்டான்.”

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். நான் ஒரு மாதம் பயந்து பயந்து காப்பாற்றிய ரகசியத்தைக்கூட இவர்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பங்கு போட்டுக்கொண்டு பஜ்ஜி தின்றிருக்கிறார்கள்.

கடைசிப்பெட்டி வேலையில் இறங்கினான். டூல் ரூம் ஃபோர்மேனிடம் கேட்டுத் துண்டுப் பித்தளைத் தகடு வாங்கி, வெட்டி, பற்றவைத்து, சக்கரங்களை லேத்தில் கடைந்தான். சந்தேகம் வந்தால் இப்போது நேராக என் டேபிளுக்கு வந்தான். வராத நாட்களில் நானே ஏதாவது சாக்கு வைத்து டூல் ரூம் பக்கம் போய் வந்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றலானது. சாமான் ஏற்றிய வேன் கிளம்புகிற நேரத்தில் அவன் வந்தான். துணியில் சுற்றியிருந்ததை வசந்தியிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தான். எத்தனை நாள் ஆசைப்பட்டுச் செய்தது, உனக்கே இருக்கட்டும் என்றேன். டிராயிங் என் கையில கீது சார், எப்ப வேணா இன்னொண்ணு செஞ்சுக்குவேன் என்றான். வேனில் உட்கார்ந்து துணியைப் பிரித்து, பித்தளைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டில் என் இனிஷியலைப் பொறித்திருந்தான். அவன் பெயர் எங்கும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெட்டி எங்கள் ஹாலில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கிற பித்தளை முழுவதையும் வசந்திதான் புளி போட்டுத் தேய்ப்பாள். அதை மட்டும் நான் அவளைத் தொட விடுவதில்லை.