குளத்தங்கரைப் பூனையைத் தூக்கியது யார்?

"மன்னிப்புக் கேட்டது நீங்களாம்மா?" என்று கேட்டபடி முதலாளி உள்ளே வந்தபோது, பதிலக்கா இரண்டாவது மன்னிப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். பாவம், ரொம்ப வருத்தமா எழுதியிருந்தாங்க."

"என்ன தப்புன்னு தெரிஞ்சுக்காமலேயா?"

"மொதல்ல மன்னிப்பு, அப்புறம்தான் விசாரணை. பழைய வேலையில அப்படித்தான் சார் பழக்கினாங்க."

பழைய வேலை, வாஷிங் மெஷின் புகார்ப் பிரிவு. அங்கே மன்னிப்புக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு ஒரு மெக்கானிக்கை அனுப்பினால் போதும். அந்தத் தொழில் சுத்தத்தோடு அவள் இந்த வீடியோ கேம் கம்பெனிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பெனி என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. விளையாடுகிறவர்களின் ஆன்லைன் குழுவில் வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. அதனால் எல்லாருக்கும் அவள் பதிலக்கா.

அவர்கள் செய்திருந்த ஒரே விளையாட்டின் பெயர் 'மெல்லப் போ'. படகில் ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சண்டை கிடையாது, சுடுவது கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. வழியில் ஒரு குளம் வரும். அங்கே படகைக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இதைப் போய் யார் விளையாடுவார்கள் என்று வந்த புதிதில் அவள் நினைத்தாள். முதலாளி இப்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷத்தோடு கடையைக் கட்டிவிடலாமா என்று போனில் யாரிடமோ அவர் கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

அன்று காலை 'கடைசிப் படகு' என்ற பெயரில் ஒருவர் குழுவில் எழுதியிருந்தார்:

"குளத்தங்கரையில எப்பவும் உட்கார்ந்திருக்குமே, சாம்பல் பூனை, ஒரு காது கிழிஞ்சது, அதை நேத்திலேருந்து காணோம். யாராவது தூக்கிட்டீங்களா? தயவுசெஞ்சு திரும்பக் கொண்டுவந்து விட்டுடுங்க. அது இல்லாம மனசே சரியில்லை."

பதிலக்கா உடனே எழுதினாள்: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். விரைவில் சரிசெய்கிறோம்."

அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் குழு கொதித்துவிட்டது.

"அப்போ தூக்கினது உண்மைதான்! கம்பெனியே ஒத்துக்கிச்சு!"

"நேத்து அப்டேட் வந்தப்பவே எனக்கு சந்தேகம்."

"பூனையைத் தூக்கி வச்சுக்கிட்டு நாளைக்கு அதையே தனியா விக்கப்போறாங்க, பாருங்க."

"முதலாளி நாய் வளக்கறவரு. விசாரிச்சுட்டேன்."

முதலாளி நாய் வளர்க்கவில்லை. ஆனால் அதைப் படித்ததும் அவருக்கு வியர்த்தது. "நான் மேல்பார்வை மட்டும்தாம்மா. கேம் உள்ள போய்ப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. ஹெட்போனைக் கேளுங்க."

ஹெட்போன் என்பவர் அங்கே புரோகிராம் எழுதுகிறவர். தாடியையும் ஹெட்போனையும் ஒருநாளும் கழற்றாதவர். பதிலக்கா மேஜையைத் தட்டினாள்.

"அண்ணே, நேத்து அப்டேட்ல என்ன பண்ணீங்க?"

"மழை. கூரைக்குள்ள எல்லாம் பெஞ்சுது. அதை நிறுத்தினேன்."

"அதுல பூனை ஏதாவது..."

"எதுல எது போகும்னு யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு அவர் காதை மூடிக்கொண்டார்.

இது போதாதா? பதிலக்கா நிம்மதியாக எழுதினாள்: "மழையைச் சரிசெய்தபோது பூனைக்கு இந்த நிலை நேர்ந்துவிட்டது."

அடுத்த நிமிடம் குழுவில் ஒருவர் மெழுகுவர்த்திப் படம் போட்டார். பின்னாலேயே நூறு மெழுகுவர்த்திகள்.

"மழைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சா? ஐயோ, அதுக்கு நீச்சல் தெரியாதே!"

கோபக்காரர்களைப் பதிலக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் கோபத்துக்குக் கீழே இங்கே வேறு ஏதோ ஓடியது. நர்ஸ் ஒருத்தி எழுதியிருந்தாள்: "டூட்டி முடிஞ்சு வந்தா யார்கிட்டயும் பேசத் தோணாது. குளத்துக்குப் போய் அது பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருவேன். அது என்னை ஒண்ணும் கேக்காது." லாரி ஓட்டுகிற ஒருவர்: "வண்டியை நிறுத்திட்டு இந்தப் படகை ஓட்டுவேன். அந்தப் பூனை மட்டும்தான் எனக்காகக் காத்திருக்கும்." இன்னொருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "என் மனைவிக்கு அந்தப் பூனையை ரொம்பப் பிடிக்கும். பிடிச்சிருந்தது."

பதிலக்கா அந்தக் கடைசிச் சொல்லில் வெகுநேரம் நின்றாள். வாஷிங் மெஷினுக்காக ஒருவரும் இப்படி எழுதியதில்லை.

மறுநாள் காலை, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவள் கணவர் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்: "பூனை கிடைச்சுதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நீ வேலை பாக்கறப்ப உன் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்திருக்கேனே. வாலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குமே. இடது காதுதானே கிழிஞ்சது?"

ஆபீஸுக்குப் போனால் ஹெட்போன் வாசலிலேயே நின்றிருந்தார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. விஷயம் பெரிது என்று அதிலேயே தெரிந்தது.

"அக்கா, எல்லாத்தையும் தோண்டிப் பார்த்துட்டேன். மொத நாள்லேருந்து எழுதின ஒரு வரி விடல. மீன் இருக்கு, கொக்கு இருக்கு, தவளைகூட இருக்கு. பூனை இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

பதிலக்கா வாசலிலேயே நின்றாள். "அப்போ இவ்வளவு பேரும் எதைப் பார்த்தாங்க?"

"அதைத்தான் நானும் நேத்திலேருந்து யோசிக்கிறேன்."

உண்மை ஒருநாளும் கெடுக்காது என்று நம்பி அவள் எழுதினாள்: "நன்றாகப் பரிசோதித்துவிட்டோம். இந்த விளையாட்டில் பூனை ஒருபோதும் இருந்ததில்லை."

அதற்கு முந்தைய நாள் நடந்ததெல்லாம் வெறும் சலசலப்பு. சண்டை இப்போதுதான் ஆரம்பித்தது.

"நேத்து மழையில போச்சுன்னாங்க. இன்னிக்கு இல்லவே இல்லங்கறாங்க!"

"கம்பெனி கண்ணை மூடிக்கிட்டா பூனை இல்லாம போயிடுமா?"

ஆதாரமாகப் படங்கள் வந்து குவிந்தன. ஒன்றில் பானைக்குப் பின்னால் சாம்பலாக ஏதோ இருந்தது. பதிலக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நிழல்தான். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். வால் போலவும் இருந்தது. யாரோ அரைமணி நேர வீடியோவே போட்டுவிட்டார். பூனையின் குணம், நடை, கோபம் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கியிருந்தார். கேட்க அவ்வளவு நியாயமாக இருந்தது. இதற்கிடையே குழு இரண்டாகப் பிளந்தது. இடது காது கிழிந்தது என்று ஒரு கட்சி, வலது காது என்று ஒரு கட்சி. பூனை உண்டா இல்லையா என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

விளையாட்டுக்குக் கிடைத்திருந்த நட்சத்திரங்கள் மளமளவென்று உதிர்ந்தன.

முதலாளி பதறிப்போய்த் தானே களத்தில் இறங்கினார். ஒரு சேனல்காரர் போன் செய்தபோது, "பூனையா? என் உயிரே அதுதாங்க. என் மடியில வச்சு வளத்த மாதிரி" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள், பதிலக்கா எழுதியதையும் முதலாளி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உலகமே சிரித்தது.

"ஏம்மா, இந்தப் பூனைக்கு நீங்கதான் மணி கட்டணும். வர்ற வாரத்துக்குள்ள இதை முடிச்சு வைங்க. இல்லேன்னா பூனையோட சேத்து நம்ம எல்லாரையும் தூக்கிடுவாங்க" என்றார் முதலாளி.

கடைசி நம்பிக்கை, பின்னறையில் இருந்த ஓவியர். விளையாட்டின் ஆறு, குளம், மரம் எல்லாம் அவர் கை. ஆனால் ரொம்ப நாளாகவே பட்டன்களுக்கு வண்ணம் மாற்றுவதைத் தவிர அவர் ஒன்றும் செய்வதில்லை. கேட்டால் "வரமாட்டேங்குதும்மா" என்பார்.

"சார், நீங்க எப்பவாவது பூனை வரைஞ்சீங்களா?"

ஓவியர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் கண் நிறைந்தது.

"வரைஞ்சேன்மா. காதை நான்தான் கிழிச்சேன். ரொம்ப அழகா இருந்தா நிஜமா இருக்காதுன்னு கிழிச்சேன்."

"ஃபைல்ல இல்லியே சார்?"

"தொலைஞ்சிருக்கும். ஆனா வரைஞ்சேன்."

பின்னால் நின்றிருந்த ஹெட்போன் மெல்லத் தலையை ஆட்டினார், இல்லை என்று. பதிலக்கா அவரைப் பார்க்காததுபோல் ஓவியரின் பக்கம் ஒரு காகிதத்தைத் தள்ளினாள்.

"திரும்ப வரைய முடியுமா சார்?"

அவர் வரைந்தார். முதல் கோட்டிலேயே முதுகு வளைந்து வந்தது. இரண்டாவது கோட்டில் வால். இல்லாத ஒன்று, எங்கேயோ காத்திருந்தது போலக் காகிதத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து பதிலக்கா மூச்சு விடவும் மறந்து நின்றாள். காதுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"எந்தக் காதும்மா?"

இடது என்றால் பாதிப் பேர் தீ வைப்பார்கள். வலது என்றால் மீதிப் பேர். மூன்று பேரும் விழித்தார்கள். பதிலக்கா குளத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது தண்ணிக்கு ரொம்பக் கிட்ட உட்காரட்டும். குனிஞ்சு தன் முகத்தைத் தானே பாக்கட்டும். கரையில இருக்கற பூனைக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கட்டும். தண்ணியில தெரியறதுக்கு மறுபக்கத்துக் காது. கண்ணாடியில அப்படித்தானே தெரியும்? எந்தக் கட்சிக்காரங்க வந்தாலும் அவங்க காது அங்க இருக்கும்."

ஹெட்போன் அன்று முதல்முறையாகச் சிரித்தார். தாடிக்குள் பல் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

பூனையை விளையாட்டுக்குள் விட்ட அன்று மத்தியானம், நால்வரும் ஒரே திரைக்கு முன்னால் நின்றார்கள். பதிலக்கா அறிவிப்பு எதுவும் போடவில்லை. இந்தத் தடவை மன்னிப்பும் கேட்கவில்லை. குளம் காலியாகக் கிடந்தது. கரையில் பூனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு படகு வந்தது. கொஞ்சம் தள்ளியே நின்றது. பிறகு மெதுவாகக் கரையை ஒட்டியது. இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்து. ஆற்று வளைவிலிருந்து விளக்கேற்றிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன; குளம் நிறைந்து, ஆற்றிலும் வரிசை கட்டி நின்றன. யாரும் யாரையும் இடிக்கவில்லை. வாரம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த குழுவில் ஒரு எழுத்து விழவில்லை.

வெகுநேரம் கழித்து, மனைவியைப் பற்றி எழுதியவர் ஒரு சொல் எழுதினார்.

"வந்துட்டியா."

பதிலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. முதலாளி, "இவ்வளவு பேரா நம்ம கேம்ல இருந்தாங்க?" என்று கோயிலுக்குள் பேசுவதுபோலக் கேட்டார்.

"இருந்தாங்க சார். கூப்பிடத்தான் யாருமில்ல" என்றாள் பதிலக்கா.

அதற்குப் பிறகு எல்லாம் மேல்நோக்கிப் போனது. உதிர்ந்த நட்சத்திரங்கள் திரும்பின. கடையைக் கட்டும் பேச்சு போய், மூன்றாவது அறை எடுக்கும் பேச்சு வந்தது. பதிலக்காவின் வேலை நிரந்தரமானது. ஓவியர் இப்போது கேட்காமலே வரைகிறார். பூனை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை. "அக்கா, நான் கடவுளை நம்பறவன் இல்ல. ஆனா இதை என்னன்னு சொல்றது?" என்றார் ஹெட்போன். இத்தனை ஆயிரம் பேர் ஒன்றாக நினைத்தால் ஒரு உயிர் வந்துவிடும் போலிருக்கிறது என்று பதிலக்காவும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

முதன்முதலில் அதைக் கண்ட புண்ணியாத்மாவை நேரில் பார்த்தாக வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். கடைசிப் படகு அந்த ஒரு செய்திக்குப் பிறகு எதுவுமே எழுதியிருக்கவில்லை. பதிலக்கா தேடிப் பிடித்துவிட்டாள். பக்கத்துப் பேட்டையில் பல் டாக்டர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் விளையாட்டில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர்.

டாக்டர் படியேறி வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலாளி பூனைப் படம் போட்ட கோப்பை ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். ஓவியர் கும்பிட்டார்.

டாக்டர் கூச்சத்தோடு கோப்பையை வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்கணும், அன்னிக்கு என்னமோ ஆயிரம் பதில் வந்துதா, போன் சூடாயிடுச்சு. பயந்துபோய் கேமையும் குரூப்பையும் சேத்தே எடுத்துட்டேன்" என்றார்.

"நீங்கதான் மன்னிக்கணும் டாக்டர். உங்க கண்ணுக்கு மட்டும் அது எப்படி மொதல்ல தெரிஞ்சுது?" என்று கேட்டாள் பதிலக்கா. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். குளத்தங்கரையில் பூனை உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் படகுகள்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ஒன்றும் புரியாமல் சொன்னார்:

"அட, இது எங்க தெருக் குளத்தங்கரையில உட்கார்ந்திருக்குமே, எங்க வீட்டுப் பூனை, அது மாதிரியே இருக்கே! அன்னிக்கு எங்க தெரு குரூப்ல போடவேண்டியதை அவசரத்துல உங்க குரூப்ல போட்டுட்டேங்க, அது சாயங்காலமே பசிச்சுதுன்னு தானா வீட்டுக்கு வந்துடுச்சு!"